கம்பிச் சடக்கு சிங்கையில் நடைபாதையானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் என்ன ஆனது?

சிங்கப்பூரின் தஞ்சோங் பாகாரில் தொடங்கி உட்லண்ட்ஸ் பக்கம் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பசுமை நடைபாதை போகிறது. வார இறுதிக் காலைகளில் அங்கே நல்ல கூட்டம். ஓடுகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திச் செல்லும் தாத்தாக்கள் என எல்லாரையும் பார்க்கலாம். அதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் ‘ரயில் காரிடோர்’. ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு அந்தப் பாதை வேறு விதத்தில் பழக்கம். அது நம் கே.டி.எம். ரயில் போன பாதை. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் புறப்படும் வரை, சிங்கப்பூரின் நடுவே ஓடிய அந்த ஒல்லியான நிலப்பட்டை மலேசிய ரயில்வேயின் கையில் இருந்தது. அந்த ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் ஓட்டிச் சென்றது நினைவிருக்கலாம்.

ரயில் ஓடாமல் போன பாதைகள் நம்மிடமும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே உண்டு. அவற்றில் ஒன்றுகூட இப்படி முழு நீளத்துக்கு நடந்து பார்க்கும்படி ஏன் மிஞ்சவில்லை? அவை போனபோது நம் சமூகத்துக்குப் போனது என்ன? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் ‘தண்டவாளம்’ என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்த சொல். வீட்டில் அது ‘கம்பிச் சடக்கு’. தார்ச் சடக்கு, செம்மண் சடக்கு, கம்பிச் சடக்கு என்று வரிசையாகச் சொல்வோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழியல் படித்த எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம். வேலைக்கு வந்த இடத்தில், வேலை செய்த கைகளே வைத்துக்கொண்ட பெயர் அது.

அந்தக் கைகள் யாருடையவை என்பதில் குழப்பம் இல்லை. தீபகற்பத்தின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்குத் திறக்கப்பட்டது. அதைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினரை வரவழைத்தார்கள். மறு ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. புக்கிட் கூடா கிள்ளான் பட்டணத்துக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் இருந்தது. 1890இல் கன்னாட் பாலம் கட்டப்பட்ட பிறகுதான் ரயில் ஆற்றைத் தாண்டிப் பட்டணத்துக்குள் வந்தது. பின்னர் பாதை போர்ட் சுவெட்டன்ஹாம் வரை நீண்டது. இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் பலர் அங்கே இறங்கி, தனிமுகாமில் நாள் கழித்து, இந்தப் பாதையில் ரயிலேறித்தான் சிலாங்கூர்த் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்று கம்யூட்டரில் போர்ட் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வருகிறவர், பெரும்பாலும் தன் கொள்ளுத்தாத்தா வந்த தடத்தில்தான் வருகிறார்.

பாதை போட்டுப் பராமரித்த கூட்டத்தில் தென்னிந்தியத் தமிழர்கள் மிகுதி. சல்லி கொட்டுவது, கட்டை மாற்றுவது, புல் வெட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. நிலைய அதிகாரி, கிராணி, கணக்கர் பதவிகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்து அமர்ந்தார்கள். ஒரே ரயில்வேயில் இரண்டு தமிழ் உலகங்கள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் ஓர் உலகத்தைச் சொல்லும். பாதையோரத்து முனியாண்டியும் காளியம்மனும் மற்றொன்றைச் சொல்லுவார்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட வேண்டாம். கட்டுரையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

சிங்கையில் எப்படி மிஞ்சியது?

சிங்கப்பூர்ப் பாதை மிஞ்சியதற்குக் காரணம் அங்கே இயற்கை மேல் இருந்த பாசம் என்று மட்டும் நினைத்தால் பாதிக் கதை விட்டுப்போகும். அந்த நிலம் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டு மலாய் மாநில ரயில்வேக்கு 999 ஆண்டுக் குத்தகையாகப் போனது. பிரிவினைக்குப் பிறகு இரு நாடுகளுக்கும் அது தீராத தலைவலி. 1990 நவம்பரில் லீ குவான் இயூவும் துன் டாயிம் சைனுடினும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனால் அதைப் புரிந்துகொள்வதிலேயே இரு தரப்பும் இருபது ஆண்டுகள் சண்டை போட்டன. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சோதனை தஞ்சோங் பாகாரிலேயே நின்றது. அந்தக் காலத்தில் அங்கே ரயிலேறியவர்களுக்குத் தெரியும்: சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முத்திரை விழுவதற்கு முன்பே மலேசியாவுக்குள் நுழையும் சோதனை முடிந்துவிடும்.

2010 மே மாதம் அன்றைய பிரதமர்கள் நஜிப்பும் லீ சியன் லூங்கும் முடிச்சை அவிழ்த்தார்கள். ரயில் நிலம் சிங்கப்பூருக்குப் போனது. பதிலுக்கு மரினா சவுத், ஓஃபிர்-ரோச்சோர் பகுதிகளில் நிலம் கிடைத்தது. அதை மேம்படுத்தும் நிறுவனத்தில் மலேசியாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூருக்கு 40 விழுக்காடு பங்கு. மரினா ஒன், டுவோ என்று இன்று அங்கே நிற்கும் கோபுரங்கள் அந்தப் பேரத்தின் விளைவு. தண்டவாளத்தைப் பிடுங்கி மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. கடைசி ரயில் ஓடுவதற்கு முன்பே, 2010ஆம் ஆண்டிலேயே, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ‘இந்தப் பாதையை வெட்டாமல் முழுப் பட்டையாக வைத்திருங்கள்’ என்று எழுத்துப்பூர்வமான திட்டத்தை அரசிடம் கொடுத்துவிட்டது. எதிர்ப்புக் கூட்டமாக வராமல் வரைபடத்தோடும் காரணங்களோடும் வந்த கோரிக்கை அது. நிலம் முழுவதும் ஒரே கையில் இருந்ததால் முடிவும் ஒரே முடிவாக எடுக்க முடிந்தது. துண்டு போட்டு விற்றிருந்தால் அவ்வளவு விலையுயர்ந்த நிலத்துக்கு வாங்க ஆளா இல்லை? விற்கவில்லை. பாதைக்கு அடியில் பெரிய தண்ணீர்க் குழாய் பதித்தார்கள், மேலே நடக்க விட்டார்கள். பட்டை முழுதாக இருந்ததால் குழாய்க்கும் அது வசதியாயிற்று. இந்தச் சின்ன விவரத்தை நம் திட்டமிடுபவர்கள் கவனித்தால் நல்லது. பசுமை, பாரம்பரியம் என்ற பேச்சோடு, அரசுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்றும் சேர்ந்தபோது பாதை பிழைத்தது.

புக்கிட் தீமா ரயில் நிலையத்திலிருந்து வடக்கே நான் நடந்தேன். 1932இல் கட்டிய சின்னச் செங்கல் கட்டடம் அது. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வந்துவிடாமல் இருக்க, ஓட்டுநர் ஒரு சாவி வில்லையை இங்கே கைமாற்றிக்கொண்டு போகும் பழைய முறை கடைசி வரை நடந்தது. 2022 ஜூலையில் நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். பெயர்ப்பலகை அதே இடத்தில். கொஞ்சத் தூரம் தண்டவாளத்தையும் நினைவுக்காக வைத்திருக்கிறார்கள். சாலைக்கு மேலே கறுத்த இரும்புப் பாலம் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் இருந்த ஊழியர் குடியிருப்பு காப்பிக் கடையாகிவிட்டது. கூட்டம் அலைமோதுகிறது. காப்பி விலையைப் பார்த்து நான் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

நடந்தபோது ஒன்று உறுத்தியது. கட்டடக்கலை, தாவரம், பறவை, பொறியியல் எல்லாவற்றுக்கும் அங்கே விளக்கம் உண்டு. அந்தக் குடியிருப்பில் யார் இருந்தார்கள், பாதையில் சல்லி கொட்டியது யார் என்பதற்கு அந்த அளவு இடம் இல்லை. தமிழரின் தடத்தைப் பார்க்கப் பாதையை விட்டுச் சற்றே விலகி காமன்வெல்த் டிரைவுக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1932இல் குவீன்ஸ்வே அருகே ரயில் குடியிருப்பை ஒட்டி, ரயில்வேயில் வேலை செய்த இந்தியர்கள் கூரைக் குடிசையாக எழுப்பியது. சாலை விரிவாக்கத்தால் இடம் மாறி, 1998இல் புதிய இடத்தில் குடமுழுக்குக் கண்டது. பாதை நடைபாதையாவதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே சாமி பாதையை விட்டுப் போய்விட்டார். கோயில் பிழைத்தது, ரயிலோடு அதற்கிருந்த தொடர்பு, தேடிப் போய்க் கேட்பவர்களுக்கு மட்டும் தெரியும் செய்தியாகிவிட்டது.

இங்கே என்ன நடந்தது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓய்ந்துபோன ரயில் நிலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயின. எல்லாமே தவறு என்று சொல்ல மாட்டேன்.

அம்பாங் பாதையை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரின் சுல்தான் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து அம்பாங்குக்குப் பழைய ரயில் பாதை ஒன்று இருந்தது. ஓடாமல் கிடந்த அந்தத் தடத்தில்தான் 1996 டிசம்பரில் நாட்டின் முதல் எல்.ஆர்.டி. ஓடத் தொடங்கியது. மாலூரி, பண்டான் ஜெயா, செம்பாக்கா என்று இன்று நாம் இறங்கும் நிலையங்கள் அந்தப் பழைய தடத்தின் மேல் இருப்பவை. தினமும் வேலைக்குப் போகிறவர்களைச் சுமக்கிறது. நடைபாதையாக்கியிருந்தால் இவ்வளவு பேருக்குப் பயன்பட்டிருக்குமா? பட்டிருக்காது.

பத்துமலைப் பாதை இன்னும் நல்ல உதாரணம். செந்தூலிலிருந்து பத்துமலைக்குக் கல்லுடைப்புக்காக நூற்றாண்டுக்கு முன் போட்ட கிளை அது. வெகுகாலம் சரக்குப் பாதையாகத் தூங்கிக் கிடந்தது. மின்மயமாக்கி, இரட்டைப் பாதையாக்கி, 2010 ஜூலையில் கம்யூட்டர் ஓட ஆரம்பித்தது. தைப்பூசத்துக்கு இரவு பகலாக ரயில் விடுகிறார்கள். செந்தூலில் இருக்கும் அக்காமாரும் போர்ட் கிள்ளானில் இருக்கும் பாட்டிமாரும் கார் நெரிசலில் சிக்காமல் பால்குடத்தோடு போய் இறங்குகிறார்கள். ஓய்ந்த பாதைக்கு இதைவிட நல்ல மறுபிறவி எதுவும் இல்லை. ரயில் மீண்டும் வர வழி இருக்கும்போது நடைபாதை கேட்பது, வசதி உள்ளவர்களின் ஆசையாக மட்டும் முடிந்துவிடலாம்.

இதற்கு நேர்மாறாக நிற்கிறது சுபாங் ஸ்கைபார்க் பாதை. சுபாங் ஜெயாவிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். 2018 மே மாதம் ரயில் ஓடியது. 2023 பிப்ரவரியில் பயணிகள் போதவில்லை என்று நிறுத்தப்பட்டது. கே.எல். சென்ட்ரல், சுபாங் ஜெயா, ஸ்கைபார்க் என்று மூன்றே இடங்களில் நின்ற ரயிலுக்கு, நடுவில் வாழ்கிற மக்கள் எப்படிப் பயணிகளாவார்கள்? மீண்டும் ஓட்டுவது பற்றி அவ்வப்போது பேச்சு எழுகிறது. பக்கத்துக் குடியிருப்புகளுக்கு நிலையம் அமைத்து ஓட்டினால் பயனுண்டு. அதுவரை, ஓடாத பாதைதானே என்று யாரும் அதில் இறங்கி நடக்க வேண்டாம். ரயில் நிலத்தில் அனுமதியின்றி நடப்பது சட்டப்படி குற்றம். தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கம்பிச் சடக்கில் கட்டை எண்ணிக்கொண்டே போன காலம் வேறு. இப்போது மேலே மின்கம்பி இருக்கிறது.

நம் சமூகத்தை நேரடியாகத் தொட்டவை பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும். இவை பாதை என்பதைவிட ரயில்வேயின் வீடும் பட்டறையும். கே.எல். சென்ட்ரல் நிற்பது ஏறத்தாழ 72 ஏக்கர் ரயில் நிலத்தில். பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டாக அது இருந்தது. 2001 ஏப்ரலில் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஓட்டல்கள், அலுவலகக் கோபுரங்கள், வணிக வளாகம் எல்லாம் பின்னால் வந்தன. 2010 அக்டோபரில் சாலைக்கு அந்தப் பக்கம் லிட்டில் இந்தியாவை அன்றைய பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் திறந்து வைத்தார்கள். வண்ண வளைவு வந்தது, நீரூற்று வந்தது. ஆனால் அந்த வட்டாரத்துக்குத் தமிழர் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லும் ரயில்வே மட்டும் கண்ணில் படாமல் போயிற்று. வெளியூரிலிருந்து வரும் இளைஞர்கள், பிரிக்பீல்ட்ஸ் என்றால் புடவைக் கடையும் வாழையிலைச் சாப்பாடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படித்தான் நாம் காட்டுகிறோம்.

செந்தூலில் ரயில்வே மத்தியப் பட்டறை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வேலை செய்தார்கள். செந்தூலில் இன்று இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கணிசமானவை அந்தப் பட்டறையோடு ஏதாவது ஒரு வகையில் தொடர்புடையவை. நிலத்தின் ஒரு பகுதியில் 2005இல் கலை அரங்கம் திறக்கப்பட்டது. பட்டறைக் கட்டடங்கள் சில ‘செந்தூல் டிப்போ’ என்ற பெயரில் நிகழ்ச்சி மண்டபமாகவும் உணவகமாகவும் இருக்கின்றன. இரும்புத் தூண்களும் உயரக் கூரையும் அப்படியே நிற்பதால் புகைப்படம் எடுப்பவர்களுக்குப் பிடித்த இடம். கட்டடத்தை இடிக்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். அதே சமயம், அங்கே பொண்ணு மாப்பிள்ளை படம் எடுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அந்தத் தூணுக்குக் கீழே தன் தாத்தா எண்ணெய்க் கையோடு நின்றது தெரியும்?

பத்து ஆராங்கை விட்டுவிடக் கூடாது. குவாங்கிலிருந்து கிளை பிரிந்து பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அப்பால் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துக்கும் போன பாதை, தோட்டத்தையும் சுரங்கத்தையும் நகரத்தோடு கோத்தது. சுரங்கம் 1915இல் தொடங்கி 1960இல் மூடப்பட்டது. நிலக்கரி போனது, ரயிலும் போனது. ரயில் திரும்ப வரும் வாய்ப்பும் பெரிதாக இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் விளிம்பில் நடைபாதை என்ற யோசனை உண்மையாகவே பொருந்துகிற இடம் இருந்தால், அது இந்தத் தடம்தான். எந்தெந்தத் துண்டு இன்னும் அரசு நிலமாக இருக்கிறது, எது தனியார் கைக்குப் போய்விட்டது என்று யாராவது முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

இருக்க அனுமதி, பட்டா இல்லை

ரயில் நிலம் இங்கே யார் கையில் இருக்கிறது என்பது பலருக்குக் குழப்பம். 1991ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்துக்குப் பிறகு நிலமும் கட்டடமும் ரயில்வே சொத்துக் கழகத்துக்குப் போயின. 1992இல் நிறுவனமாக்கப்பட்ட கே.டி.எம்.பி. ரயிலை ஓட்டுகிறது. சொத்துக் கழகத்தின் வேலையே அந்த நிலங்களிலிருந்து வருமானம் எடுப்பது. ஆகவே ஒரு துண்டு நிலம் ஓய்ந்துபோனால், ‘இதிலிருந்து எவ்வளவு வரும்’ என்ற கேள்விதான் முதலில் எழும். இதில் சதி எதுவும் இல்லை. கழகம் தனக்கு இட்ட வேலையைச் செய்கிறது. சிங்கப்பூரில் நிலம் வேறு கேள்வியோடு வேறு மேசைக்குப் போனது. வித்தியாசம் அங்கேதான்.

நம்மவர்களின் நிலையோ தொடக்கத்திலிருந்தே மெலிவானது. ரயில் குவார்ட்டர்ஸ் வேலையோடு வரும், வேலையோடு போகும். தோட்டத்து லயமும் அப்படித்தான். பாதையோரத்துக் கோயில், மண்டோர் வாய்மொழியாகக் கொடுத்த சம்மதத்தில் எழும்பியது. சில இடங்களில் தற்காலிக உரிமம் இருந்திருக்கும், பல இடங்களில் அதுவும் இல்லை. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்டவர்கள், அவ்வளவே. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகளை மேம்பாட்டுக்கு எடுப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, அங்கே வளர்ந்தவர்களிடம் நினைவுகள் நிறைய இருந்தன. ‘இந்த இடம் எங்களுக்கு’ என்று காட்ட ஒரு தாள்கூட இல்லை. 2025 மார்ச்சில் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்துத் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரத்திலும் இதையேதான் பார்த்தோம். நூறாண்டு கடந்த வழிபாடு ஒரு பக்கம், 2014இல் நிலம் தனியாருக்கு விற்கப்பட்ட பத்திரம் இன்னொரு பக்கம். கோயில் சுமார் 50 மீட்டர் தள்ளி வேறிடம் போக ஒப்புக்கொண்டது. அது ரயில் நிலம் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான்.

தாளோடு போனால் என்ன நடக்கும் என்பதற்கும் பிரிக்பீல்ட்ஸிலேயே சாட்சி இருக்கிறது. 1904இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமத்தின் வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது, சமூகத்தில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த எதிர்ப்புக்குக் கையில் ஆதாரம் இருந்தது. கட்டடத்தின் ஆண்டு, அதைக் கட்டியவர்கள், அங்கே நடந்த பள்ளி, எல்லாம் எழுத்தில் இருந்தன. 2016இல் அது பாரம்பரியச் சொத்தாக அரசிதழில் இடம்பெற்றது. ஆசிரமத்தைக் கட்டியவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். கணக்கும் கடிதமும் எழுதிப் பழகிய சமூகம், தன் காரியத்தையும் எழுதி வைத்தது. முன்பு சொன்ன இரண்டு உலகங்களின் வேறுபாடு இங்கே முட்டுகிறது. நிலைய அதிகாரியின் பெயர் ஊழியர் பட்டியலில் அச்சில் கிடக்கும். கட்டை மாற்றியவரின் பெயர் எங்கே இருக்கிறது? சம்பளப் புத்தகத்தில் இருந்திருக்கலாம். அதையும் ஏதோ ஒரு மாற்றலின்போது கொளுத்தியிருப்பார்கள்.

நடைபாதை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நியூயார்க்கில் ஓய்ந்த சரக்கு ரயில் பாதையை 2009 முதல் ‘ஹை லைன்’ என்ற உயரப் பூங்காவாக மாற்றினார்கள். உலகமே வந்து பார்க்கிறது. கூடவே சுற்றுவட்டாரத்தில் வாடகையும் ஏறியது. பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ அப்படி ஒன்று வந்தால், நடைபாதையின் பலகையில் நம் வரலாறு இருக்கும், வாடகை கட்ட முடியாமல் நாம் ரவாங்கில் இருப்போம் என்ற நிலையும் வரலாம். ஆகவே திட்டம் வரும்போதே மேசையில் உட்கார வேண்டும்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. கோலாலம்பூரிலும் சரி, சிலாங்கூரிலும் சரி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபமும் கருத்தும் கேட்க வேண்டும் என்பது சட்டம். கோலாலம்பூரின் 2040 உள்ளூர்த் திட்டம் அப்படித்தான் வந்தது. அந்தக் கூட்டங்களுக்கு நம் ஆலய நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் எத்தனை முறை போகின்றன? நான் செய்திக்காகப் போன கூட்டங்களில் நம் முகங்களை விரல் விட்டு எண்ணலாம். இயந்திரம் வந்து நின்ற பிறகு கூடுகிற கூட்டம் மட்டும் ஆயிரமாக இருக்கிறது.

போர்ட் வெல்ட் பாதையும் இப்போது இல்லை. கோல செபெத்தாங்கில் நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஊரின் பெயர் அதில் தமிழிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த நாட்டு ரயில் நிலையப் பலகைகளில் தமிழ் எழுத்து இருந்ததற்கு, பார்க்கக் கிடைக்கும் ஆதாரங்களில் அது ஒன்று. நாளை சுபாங்கிலோ பத்து ஆராங்கிலோ செந்தூலிலோ யாராவது நடைபாதைத் திட்டம் வரைந்தால், பலகையில் என்ன எழுதுவது என்று கேட்பார்கள். அப்போது கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

வீடுகளில் இருக்கிறது. தகரப் பெட்டிக்குள் ரயில்வே ஊழியர் அட்டை, ஓய்வூதியக் கடிதம், குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய தாள், பட்டறை வாசலில் வரிசையாக நின்று எடுத்த படம், கோயில் திருவிழாவுக்கு வசூலித்த ரசீதுப் புத்தகம். இவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து, யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ஒரு வரி எழுதி வைத்தாலே பாதி வேலை முடியும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அவர்களிடம் போவதற்கு முன் நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆலயங்களில் ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்த கையோடு ஒரு மேசை போட்டு ஆரம்பிக்கலாம்.

ஆரம்பிக்கும்போது கிராணிமார் வீட்டுக்கு முதலில் போக வேண்டாம். அவர்கள் பெயர் எங்காவது கிடைக்கும். சடக்கில் கட்டை மாற்றியவர்களிடம் போக வேண்டும். 1975இல் இருபது வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.